தேவயானி மிஸ்ஸுக்குக் காய்ச்சல்

பேரளி நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் அந்த பஸ்ஸில் எல்லோரும் அவசர அவசரமாக ஷட்டரை இறக்கினார்கள். தேவயானி மட்டும் கொஞ்சம் திறந்தே வைத்தாள். சிமென்ட் லாரிகள் பூசிவிட்டுப் போன வெள்ளைத் தூசி, சாலையோரப் புளிய மரங்களிலிருந்து கழுவிக்கொண்டு இறங்கியது. அதற்கு அப்பால் மக்காச்சோளக் கொல்லைகள்... பச்சை, பச்சை, ஒரே பச்சை.

பின் சீட்டில் ஒருவன் போனில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தான். எண்ணெய் போடாத சைக்கிள் மேட்டில் ஏறுவது போல, ஒவ்வொரு சொல்லாக மிதித்து மிதித்துப் பேசினான்.

"மை பேஷன்ட்... பாஸ்டு அவே... அட் டென் ஓ கிளாக்."

தேவயானிக்கு மனசு கனத்தது. ஐயோ பாவம், யாரோ இறந்துவிட்டார்கள்.

"ஐ கேவ் ஹிம் வாட்டர். தென் ஹி சாட் அப் அண்ட் ஆஸ்க்டு ஃபார் இட்லி."

அவ்வளவுதான். அடக்க முடியவில்லை. பக்கென்று சிரித்துவிட்டாள். அது சின்னச் சிரிப்பாகவாவது இருந்திருக்கலாம். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க சிரிப்பு?"

திரும்பினாள். இருபத்தெட்டு வயது இருக்கும். மாநிறம். தூக்கம் போதாத, ஆனால் துடைத்து வைத்தது போலத் தெளிவான கண்கள்.

"சாரி சார்... பத்து மணிக்குச் செத்துப்போனவரு, தண்ணி குடிச்சிட்டு எழுந்து உக்காந்து இட்லி கேட்டாருன்னு சொன்னீங்களா... அதான்..."

"யாருங்க செத்தா? மயக்கம் போட்டு விழுந்தாரு. அதைத்தான் சொன்னேன்."

"மயக்கம்னா பாஸ் அவுட் சார். பாஸ் அவேன்னா... ஆளே போயிட்டாருன்னு அர்த்தம்."

கண்டக்டர் முதலில் சிரித்தார். பிறகு அவர் பக்கத்தில் நின்றவர்கள். அவன் முகம் சுருங்கியது. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"தெரியாததைக் கத்துக்கத்தாங்க பேசிப் பாக்குறேன். தெரிஞ்சவங்க வேடிக்கை பாக்குறதுக்கு இல்ல."

எழுந்து பின்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். அங்கே சாரல் அடித்தது. பெரம்பலூர் வரும் வரைக்கும் நனைந்துகொண்டே நின்றானே தவிர, அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

தேவயானிக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அவளைப் பார்த்து ஒருத்தர் இப்படிச் சிரித்திருந்தால்?

அவள் ஆங்கில வகுப்பு நடத்துகிறவள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு விதைக்கடையின் மாடியில் ஒற்றை அறை. கல்லூரிப் பெண்கள், வேலை தேடும் பையன்கள், வெளிநாடு போகத் தேர்வு எழுதும் நர்சுகள் என்று மாலையில் அறை நிறைந்துவிடும்.

அடுத்த வாரம் புதிதாகச் சேர ஒருவர் வருகிறார் என்று போன் வந்திருந்தது. பெயர் முத்தமிழ்செல்வன். அரியலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த ஆளைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சாக்பீஸ் நழுவியது.

அவனும் பார்த்தான். ஒரு கணம்... அவ்வளவுதான். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மடமடவென்று படியிறங்கிவிட்டான்.

"சார்... சார், நில்லுங்க!"

வெறுங்காலோடு ஓடி, விதைக்கடை வாசலில்தான் பிடிக்க முடிந்தது. மூச்சு வாங்கியது. மக்காச்சோள விதை வாங்க வந்த ரெண்டு பேர் பையும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள்.

"அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு சார். எனக்கு சிரிக்கிற யோக்கியதையே இல்ல."

"பரவாயில்லைங்க. விடுங்க."

"கேட்டுட்டுப் போங்க. எம்.ஏ. முடிச்சதும் எனக்கு ஒரு கம்பெனியில போன்ல இன்டர்வியூ. நல்லாத்தான் போச்சு. நடுவுல அந்த சார் 'ஹேங் ஆன்'னு சொன்னாரு. கொஞ்சம் லைன்ல இருங்கன்னு அர்த்தம். நான் என்னா பண்ணேன் தெரியுமா? ஹேங்னா வைக்கிறது, போனை வைக்கச் சொல்றாருன்னு நெனச்சு..."

அவன் புருவம் உயர்ந்தது. "வெச்சுட்டீங்களா?"

"தாங்க் யூ சார்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். திருப்பி அவங்களும் கூப்பிடல, நானும் கூப்பிடல. எதுக்கு வேலை கெடைக்கலன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது."

அவன் உதட்டோரம் துடித்தது. கட்டுப்படுத்தப் பார்த்தான், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தான்.

"இப்ப சரியாப் போச்சு," என்றாள் அவள். "நீங்களும் சிரிச்சாச்சு. மேல வாங்க."

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான அந்தத் தேர்வை அவன் இதற்கு முன் ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தான். நோயாளியாக நடிக்கும் ஒருவரோடு பேச வேண்டும். அன்று நடித்த அம்மாள், காலையிலிருந்து இரண்டு முறை 'த்ரூ அப்' ஆனதாகச் சொன்னாராம். வாந்தி எடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். இவனோ, என்ன பொருளைத் தூக்கி எறிந்தீர்கள் என்று அக்கறையாக விசாரித்திருக்கிறான்.

"இந்த மாதிரி வார்த்தையெல்லாம் ஐநூறு மனப்பாடம் பண்ணிட்டேன் மிஸ். பேசும்போது ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"மனப்பாடத்தை விடுங்க. 'பாரு'ன்னா என்ன?"

"பாக்குறது."

"'குழந்தையைப் பாத்துக்கோ'ன்னா?"

"கவனிச்சுக்கோ."

"வெறும் 'பாரு'வோட ஒரு 'கோ' ஒட்டுனதும் அர்த்தமே மாறிப்போச்சு பாருங்க. சரி, 'அவன் என்னைப் போட்டுக் குடுத்துட்டான்'னா?"

வகுப்பே சிரித்தது. அவனும். "மேனேஜர்கிட்ட கோள் சொல்லிட்டான் மிஸ். எங்க ஆஸ்பத்திரியில தெனம் நடக்குது."

"அதுல போட்டதும் இல்ல, குடுத்ததும் இல்ல. இருந்தாலும் உங்களுக்குப் புரியுது. யாரு சொல்லிக் குடுத்தா?"

அவன் யோசித்தான். "யாரும் சொல்லிக் குடுக்கல... கேட்டுக் கேட்டு வந்தது."

"இங்கிலீஷும் அப்படித்தான். லுக்குன்னா பாரு. லுக் ஆஃப்டர்னா பாத்துக்கோ. தனித்தனியாப் பிச்சுப் பிச்சுப் படிக்காதீங்க. யாரு, எப்ப, எதுக்குச் சொன்னாங்கன்னு சேத்துக் கேளுங்க. இன்னொண்ணு... புரியலன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க. கேட்டுடுங்க. நர்ஸு கேக்குறது தப்பே இல்ல."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் இருட்டாக இருந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போன்ற பார்வை. அவள் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதற்குத் திரும்பினோம், என்ன எழுதப் போனோம்... நினைவுக்கு வரவே இல்லை.

ஐப்பசி முழுக்க மழை. டியூட்டி முடிந்து அரியலூரிலிருந்து அவன் வந்து சேரும்போது வகுப்பு பாதி முடிந்திருக்கும். அதனால் எல்லோரும் போன பிறகு அவனுக்கு மட்டும் அரை மணி நேரம் பேச்சுப் பயிற்சி. கதவு விரியத் திறந்திருக்கும். கீழே கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் நோயாளியாக நடிப்பாள். தலைவலிக்காரி, சர்க்கரை நோய்க்காரி, ஊசிக்குப் பயப்படுகிறவள்.

"மிஸ், நெஜமாவே ஊசிக்குப் பயமா?"

"நடிப்புங்க."

"கண்ணு நடிக்கல மிஸ்."

ஒருநாள் மழை விடாமல் பெய்ததால் டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தபடி காத்திருந்தார்கள். அப்போதுதான் கேட்டாள்.

"எதுக்கு வெளிநாடு? இங்கயும் நல்ல வேலைதானே?"

அவன் டீ கிளாசை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினான். "எங்க ஊரு குன்னத்துக்குப் பக்கம். எங்கப்பா செல்லமுத்துன்னா எல்லாருக்கும் தெரியும். பையன் என்னா பண்றான்னு கேட்டா, 'ஆஸ்பத்திரியில இருக்கான்'னு சொல்லுவாரு. அதுக்கு மேல சொல்ல மாட்டாரு. நர்ஸுங்கிற வார்த்தை அவரு வாயில வராது மிஸ். பொம்பளை வேலைன்னு ஊர்ல சிரிக்கிறாங்கல்ல..."

மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அங்க அந்த மாதிரி பாக்க மாட்டாங்களாம். நர்ஸுன்னா நர்ஸு, அவ்வளவுதான். ஒரு தடவை அப்படி நின்னு பாக்கணும் மிஸ்."

இவன் ஜெயிக்க வேண்டும் என்று அந்த நிமிடம் மனசார நினைத்தாள். அன்று ராத்திரி படுக்கும்போதுதான் மறுபாதி உறைத்தது... ஜெயித்தால் போய்விடுவான். அவள் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சென்னையில் தேர்வு. இந்த முறை தவறினால், வெளிநாட்டில் அவனுக்கென்று வைத்திருக்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். வியாழக்கிழமை கடைசிப் பயிற்சி. துக்கச் செய்தி சொல்வது, அழுகிறவரை ஆற்றுவது... அவனுக்கு வராத பகுதி அதுதான். அதற்காகவே லீவு போட்டிருந்தான்.

வியாழன் காலையில் தேவயானி வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

'காய்ச்சல். இன்று வர இயலாது.'

அனுப்பிய கை சில்லென்று இருந்தது.

செட்டிகுளத்தில் அவர்கள் வீடு. அப்பா பெரியசாமி கொல்லைக்குப் போயிருந்தார். மத்தியானம், களத்துக் கொட்டகையில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள் தேவயானி. வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"யாரு தம்பி?" அம்மா சம்பூர்ணத்தின் குரல்.

"தேவயானி மிஸ் வூடுங்களா? நான் அவங்ககிட்ட படிக்கிறேன். காய்ச்சல்னு சொன்னாங்க... மாத்திரை, எளநீரெல்லாம் கொண்டாந்தேன். ஜுரம் எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

"காய்ச்சலா? யாருக்கு? அவ காலையிலேருந்து கொட்டாயில வெங்காயம் ஆஞ்சுக்கிட்டுல்ல இருக்கா!"

தேவயானிக்கு உடம்பு கூசியது. எழுந்து ஓடக்கூடத் தோன்றவில்லை. கொட்டகை வாசலில் அவன் வந்து நின்றான். மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் இளநீர். இன்னொரு கையில் மருந்துப் பை. அவளை, அவள் மடி நிறையக் கிடந்த வெங்காயத் தோலை, மாறி மாறிப் பார்த்தான்.

"நாளன்னிக்கு எக்ஸாம் மிஸ்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"எனக்குச் சொல்லிக் குடுக்கப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம். பொய் எதுக்கு?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். தொண்டை வரை வந்தது. ஆனால் வெங்காயச் சருகோடு, அம்மா பின்னால் நிற்க, பிடிபட்ட திருடி மாதிரி உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லவா? வறட்டு ரோஷம் முந்திக்கொண்டது.

"எனக்கும் வூட்டு வேலை இருக்கும்ல சார். உங்க ஒருத்தருக்காக மட்டுமா நான் வகுப்பு எடுக்குறேன்?"

அவன் தலையசைத்தான். இளநீரை வாசற்படி ஓரம் வைத்தான். பைக் சத்தம் தெருமுனை தாண்டி மறைந்தது.

சம்பூர்ணம் மகளின் எதிரே வந்து உட்கார்ந்தாள். வெங்காயத்தை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"எங்கேருந்து வந்தாரு? இந்த மழையில?"

"அரியலூர்லேருந்து."

"அந்தப் புள்ளைக்கு நீ செஞ்சது சரியில்ல தேவயானி."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. யாரோ ஒருவன் ஊர் முன்னால் நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவள், அவன் போய்விடக் கூடாது என்பதற்காக வழியை மறித்தாள். இதற்குப் பெயர் அன்பா? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அரியலூர் மருத்துவமனையில் அவனைத் தேடிப் போனபோது, ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரின் கட்டிலருகே குனிந்து நின்றிருந்தான். பெரியவர் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். "ஒண்ணும் ஆவாதுங்கய்யா. நான் உள்ளாரயேதான் இருப்பேன். கண்ணு முழிக்கும்போது மொதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பீங்க..." பெரியவரின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"நேத்து விட்ட பாடத்தை எடுக்க வந்தேன்," என்றாள். "அரை மணி நேரம் குடுங்க. திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டிக்குங்க."

கேன்டீனில் மூலை மேஜை. டீ ஆறிக்கொண்டிருந்தது. முதலில் அவன் ஒட்டாமல்தான் பேசினான். பிறகு பாடம் இருவரையும் இழுத்துக்கொண்டது.

"பெரியவர்கிட்ட இப்பப் பேசுனீங்களே, அதேதான். அதையே இங்கிலீஷ்ல பேசுங்க. உங்களுக்கு வராததுன்னு எதுவும் இல்ல. சரி, கடைசியா ஒண்ணு. நான் ஒரு துக்கத்துல இருக்கேன். நீங்க நர்ஸ்."

அவள் தலை குனிந்து ஆங்கிலத்தில் சொன்னாள். "ஐ ஜஸ்ட் கான்ட் கெட் ஓவர் இட்."

அதிலிருந்து மீண்டு வரவே முடியவில்லை என்று அர்த்தம். அவனுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. ஒரு கணம் விழித்தான். பழைய முத்தமிழாக இருந்தால் புரிந்த மாதிரி தலையாட்டியிருப்பான். இப்போது நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்திலேயே கேட்டான். நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் புரியவில்லை, மன்னியுங்கள்... எதைப் பற்றிச் சொல்கிறீர்கள்? எனக்குச் சொல்ல முடியுமா?

ஒரு பிழை இல்லை. அந்தக் கண்களில் நடிப்பும் இல்லை.

அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தபோது தமிழ்தான் வந்தது.

"நீங்க போயிடுவீங்கன்னுதான்..."

"என்ன மிஸ்?"

"காய்ச்சல்னு பொய் சொன்னேன்ல... நீங்க பாஸ் பண்ணிட்டா போயிடுவீங்க. அதைத் தாங்க முடியும்னு எனக்குத் தோணல. அதான்." கண் நிறைந்தது. துடைக்கவில்லை. "அது பெரிய தப்பு. உங்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்ல. நாளைக்கு நல்லாப் பண்ணுங்க. பாஸ் பண்ணிட்டுப் போங்க. இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் டீ கிளாசைத் தள்ளி வைத்தான். எதையோ சொல்ல உதடு பிரிந்தது. அதற்குள் வாசலிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "பிரதர், அய்யாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. உங்களைத்தான் கேக்குறாரு!"

எழுந்தான். ரெண்டடி போய் நின்றான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு மிஸ். நனையாம வூட்டுக்குப் போயிடுங்க."

இவ்வளவுதானா... திரும்பும் பஸ்ஸில் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள் தேவயானி. இவ்வளவுதான் போல. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. வலியோடு கூடிய லேசு.

தேர்வு நடந்தது. அவன் வகுப்புக்கு வரவில்லை, போனும் செய்யவில்லை. கார்த்திகையும் பிறந்துவிட்டது. ஒவ்வொரு முறை படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதும் அவள் பேச்சு ஒரு நொடி தடுக்கியது. மாணவிகள் அதைக் கவனித்தார்கள்.

ஒரு மாலை, மழை விட்டு வெயில் மஞ்சளாக விழுந்த நேரம். வாசலில் அவன் நின்றிருந்தான்.

வகுப்பைப் படிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மாடியில் அங்கங்கே தேங்கிய மழைநீர். அவன் அதைத் தாண்டி வந்தான்.

"பாஸ் பண்ணிட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. அது நிஜ மகிழ்ச்சி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எனக்குத் தெரியும். நீங்க..."

"இருங்க. நான் பேசிடுறேன். அன்னிக்கு நீங்க சொன்னதுக்கு நான் பதில் சொல்லல. சொல்ல ஆரம்பிச்சிருந்தா சென்னைக்கு பஸ் ஏறியிருக்க மாட்டேன். ரிசல்ட் வரட்டும், ஒண்ணு ஜெயிச்சுட்டு வந்து நிப்போம், இல்ல தோத்துட்டு வந்து நிப்போம்னு இருந்தேன்." மூச்சு விட்டான். "செட்டிகுளத்துலேருந்து திரும்புனேன்ல... அவ்வளவு கோவம். சிறுவாச்சூர்கிட்ட வண்டியை ஓரங்கட்டிட்டு நின்னேன். அப்பதான் எனக்கே ஒண்ணு புரிஞ்சுது. தெனம் எத்தனை பேரு போன் பண்ணி காய்ச்சல்னு சொல்றாங்க. மாத்திரை பேரைச் சொல்லிட்டு வெச்சுடுவேன். இவங்களுக்குக் காய்ச்சல்னதும் நான் எதுக்கு மாவட்டம் தாண்டி, மழையில, எளநீரைக் கட்டிக்கிட்டு வந்தேன்?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு தேவயானி. இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடுறேன்."

சொல்லலாம். இவன் இருப்பான். சொன்ன சொல் மாறாதவன். தினமும் அரியலூர் பஸ் ஏறுவான். அவன் அப்பா ஊரில் பாதி வார்த்தையோடு நிறுத்திக்கொண்டே இருப்பார். இவன் ஒருநாளும் அவளைக் குறை சொல்ல மாட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "போங்க. நீங்க ஆசைப்பட்ட மாதிரி ஒரு தடவை நின்னு பாருங்க."

"அப்ப நீங்க?"

"உள்ள இத்தனை பேரு என்னை நம்பிப் படிக்கிறாங்க. நடுவுல விட்டுட்டு வர முடியாது. இவங்களைக் கரை சேத்துட்டு வரேன். ஒரு வருசம் ஆவலாம், ரெண்டு வருசம் ஆவலாம். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு பண்ணணும்."

"சொல்லுங்க."

"கிளம்புறதுக்குள்ள உங்கப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வூட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"என்னன்னு?"

தேவயானி பார்வையைத் தாழ்த்தவில்லை.

"கட்டிக்கிட்டா இவரைத்தான்னு."

அவன் முகத்தில் வெயில் விழுந்திருந்தது. கண்கள் கலங்கி மின்னின. வேகமாகத் தலையை ஆட்டினான்.

சாத்திய கதவுக்குப் பின்னால் படிக்கும் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. வகுப்பு மொத்தமும் கதவில் காது வைத்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது. இருவருமே நகரவில்லை.